அடி, இடி, கடி

நோட்பேடைத் திறந்து ‘அடி’ என்று மட்டும் எழுதி, யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். கோப்பின் அளவு 9 பைட் என்று காட்டும். (பழைய நோட்பேடாக இருந்தால் 12 காட்டும். கேட்காமலே முன்னால் மூன்று பைட்டை ஒட்டிவிடுவது அதன் வழக்கம்.) கண்ணுக்கு இரண்டு எழுத்து, யூனிகோட் கணக்கில் மூன்று: அ, ட, அதன் தலையில் ஏறும் இகரக் குறி. தலைக்கு மூன்று பைட். கோப்புக்குள் உண்மையில் இருப்பவை இந்த ஒன்பது எண்கள்தான்:

224, 174, 133, 224, 174, 159, 224, 174, 191

மூன்றாவது எண்ணைக் கவனியுங்கள். 133 என்பது இருமத்தில் 10000101. வலமிருந்து இரண்டாவது இடத்தில் இருக்கும் 0-வை 1 ஆக்கினால் 10000111, அதாவது 135. மாற்றிச் சேமித்துவிட்டுக் கோப்பைத் திறந்தால் ‘இடி’ என்றிருக்கும். பழையபடி 133-க்குத் திரும்பி, இந்த முறை வலமிருந்து ஐந்தாவது இடத்து 0-வை 1 ஆக்குங்கள்: 10010101, 149. இப்போது ‘கடி’. கோப்பில் மொத்தம் 72 பிட்கள். நாம் தொட்டது ஒன்றே ஒன்றை.

அந்தப் பைட்டின் மற்ற ஆறு பிட்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். நான்கில் வெறும் பெட்டி வந்தது. யூனிகோடின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே வரிசையில் இடம் ஒதுக்கிய இஸ்கி முறையைப் பின்பற்றி அமைந்தது. இந்திக்கு இருந்து தமிழுக்கு இல்லாத எழுத்துகளின் நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன. அவற்றில் ஒன்றில் போய் உட்கார்ந்தால் பெட்டிதான். இடது ஓரத்து இரண்டு பிட்களைத் தொட்டதும் கோப்பே குலைந்தது. ஒரு பைட் 10 என்று தொடங்கினால் ‘நான் முந்தைய பைட்டின் தொடர்ச்சி’ என்று பொருள். 1110 என்று தொடங்கினால் ‘என்னோடு சேர்த்து மூன்று பைட் சேர்ந்தது ஓர் எழுத்து’. 1992 செப்டம்பரில் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில், சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் கென் தாம்ப்சன் இந்த ஏற்பாட்டை வரைந்தார். பக்கத்தில் ராப் பைக் இருந்தார். உலகத்தின் எழுத்துகளை இன்று சுமப்பது அந்தத் தாளில் பிறந்த பிட் ஒப்பந்தம்தான்.

சரி, அடியை இடியாக்க ஒரு நிரல் எழுதவேண்டும். ‘மூன்றாவது பைட்டின் இரண்டாவது பிட்டை ஒன்றாக்கு’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாமா? முடியாது. சி, ஜாவா, பைத்தான் எதை எடுத்தாலும் கோப்பில் ஒரு பைட் படி, ஒரு பைட் எழுது என்று சொல்ல வழி இருக்கிறது. ஒரு பிட் படி என்று சொல்லக் கிடையாது. புதிதாக நிரல் எழுதுபவர்கள் இந்தக் கட்டளையைத் தேடு தேடு என்று தேடுவார்கள். நானும் தேடியிருக்கிறேன்.

காரணம், கோப்பில் கதவு எண் பைட்டுக்குத்தான். 0, 1, 2 என்று ஒவ்வொரு பைட்டுக்கும் எண் உண்டு. உள்ளே குடியிருக்கும் எட்டுப் பேருக்குத் தனித்தனி எண் கிடையாது. தபால்காரர் வாசல்வரை வருவார். கடிதம் உள்ளே யாருக்கு என்பதை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதுதான் சுவாரசியம். ‘பிட்’ என்ற சொல்லை உருவாக்கியவர் ஜான் டூக்கி. 1948-இல் வெளிவந்த கிளாட் ஷானனின் புகழ்பெற்ற கட்டுரை அதை அவர் பெயரிலேயே வரவு வைத்திருக்கிறது. (நம்மூரில் பிட்டுக்கு ஏற்கெனவே இரண்டு வேலை இருந்தது: தெருவில் பிட் நோட்டீஸ், தேர்வறையில் பிட் அடிப்பது.) ‘பைட்’ பின்னால் வந்தது. 1956-இல் ஐபிஎம் நிறுவனம் ‘ஸ்ட்ரெச்’ என்ற கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்தபோது வெர்னர் புக்கோல்ஸ் அந்தச் சொல்லைப் போட்டார். ஆங்கிலத்தில் ‘கடி’ என்று பொருள்படும் சொல்தான் அது. பிட்டோடு குழம்பிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றினார். நம் கோப்பில் வந்த அதே கடி.

அந்த ஸ்ட்ரெச்சில் பைட் என்றால் எட்டுப் பிட் என்ற விதி இல்லை; ஒன்றிலிருந்து எட்டுவரை எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். நினைவகத்தின் ஒவ்வொரு பிட்டுக்கும் முகவரியும் இருந்தது. 1964 ஏப்ரலில் அதே ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசை இரண்டையும் கைவிட்டது. பைட் என்றால் எட்டு, முகவரி பைட்டுக்கு மட்டும். கணக்கு எளியது. பிட்டுக்கெல்லாம் முகவரி கொடுத்தால் ஒவ்வொரு முகவரியும் மூன்று பிட் நீளும். அல்லது முகவரியின் நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டால் எட்டில் ஒரு பங்கு நினைவகம்தான் எட்டும். 32 பிட் கணினிகளுக்கு 4 ஜிபி என்ற எல்லை இருந்தது பலருக்கு நினைவிருக்கும். பிட்டுக்கு முகவரி கொடுத்திருந்தால் அது 512 எம்பியிலேயே நின்றிருக்கும். எப்போதாவது ஒரு பிட்டைத் தொடுவதற்காக யாரும் அவ்வளவு வாடகை கொடுக்க மாட்டார்கள்.

ஆகவே பிட்டைத் திருத்த ஒரே வழி: அது இருக்கும் பைட்டை முழுதாக வெளியே எடு, கையில் வைத்துத் திருத்து, முழுதாகத் திரும்ப வை. சொல்ல ஒரு வரி. செய்யும்போது வழியெல்லாம் குழி.

முதல் குழி, கோப்பைத் திறக்கும் இடத்திலேயே இருக்கிறது. எழுதத்தானே போகிறோம் என்று ‘எழுது’ முறையில் திறந்தால், ஒரு பைட்கூட எழுதும் முன்பே கோப்பு காலியாகிவிடும். பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்பதே அந்த முறைக்குப் பொருள். சில வாரங்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்த ஒரு சொற்பட்டியலில் ஒரே ஒரு பிட்டைத் திருத்தப்போய், அளவு 0 பைட் என்று திரை காட்டியதை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. தப்பு என்னுடையதுதான். நகலும் இல்லை. வேண்டியது ‘படிக்கவும் எழுதவும்’ என்ற முறை, அதுவும் பைனரியாக. பைனரி என்று சொல்ல மறந்தால், சி நிரல் விண்டோஸில் ஓடும்போது 10 என்ற பைட்டை எழுதச் சொன்னால் 13, 10 என்று இரண்டாக எழுதும். படிக்கும்போது 26 என்ற பைட்டைக் கண்டால் கோப்பு முடிந்தது என்று நின்றுவிடும். பிஎன்ஜி படக் கோப்பு 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டு எண்களோடு தொடங்குவது இந்தத் தொல்லையை முளையிலேயே பிடிப்பதற்காகத்தான். வழியில் யாராவது உரைக் கோப்பு என்று எண்ணிக் கைவைத்திருந்தால் இந்த எட்டில் ஏதோ ஒன்று மாறியிருக்கும்.

இரண்டாவது குழி: ஒரு பைட்டைப் படித்ததும் கோப்பின் முள் அடுத்த பைட்டுக்கு நகர்ந்துவிடும். பின்னால் கொண்டுவராமல் எழுதினால் திருத்திய 135 மூன்றாவது இடத்தில் விழாது, நான்காவதில் விழும். அங்கே இருந்த 224 போய்விடும். ‘அ’ அப்படியே இருக்க, ‘ட’ சிதைந்துபோகும். சி மொழியில் இதற்கு ‘எஃப்சீக்’. படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் அதைக் கூப்பிட்டே ஆகவேண்டும் என்பது அந்த மொழியின் சட்டம்.

மூன்றாவது, படித்த பைட்டை எங்கே வைக்கிறோம் என்பது. சி மொழியில் ஒரு பைட்டைப் படிக்கும் ‘எஃப்கெட்சி’, கோப்பு முடிந்துவிட்டால் வழக்கமாக -1 தரும். கிடைத்ததை ஒரு பைட் அளவுள்ள, குறை எண்ணையும் ஏற்கும் மாறியில் போட்டால் 255-உம் -1-உம் ஒன்றாகத் தெரியும். ஜேபெக் படங்கள் எல்லாமே 255 என்ற பைட்டில்தான் தொடங்குகின்றன. இந்தப் பிழையுள்ள நிரலிடம் ஒரு ஜேபெக் படத்தை நகலெடுக்கச் சொன்னால் முதல் பைட்டிலேயே ‘முடிந்தது’ என்று சொல்லி வெற்றுக் கோப்பை நீட்டும்.

இவ்வளவையும் தாண்டி 133 கைக்கு வந்துவிட்டது. வலமிருந்து இரண்டாவது பிட்டின் மதிப்பு 2. கூட்டிவிட்டால் போயிற்று, 133 + 2 = 135 என்று தோன்றும். ஒருமுறை ஓட்டினால் சரிதான். கைதவறி இன்னொரு முறை ஓட்டினால்? 137. அது ‘உ’. அடி இடியாகி, இடி ‘உடி’ ஆகிவிடும். ஏற்கெனவே 1 ஆக இருக்கும் பிட்டோடு கூட்டும்போது மிகுதி பக்கத்து இடத்துக்குத் தாவுகிறது. அ, இ, உ என்று சுட்டெழுத்து மூன்றும் வரிசையாக வந்தது அழகுதான், நிரல் தப்பு.

கூட்டலுக்குப் பதில் ‘ஆர்’ போடவேண்டும். 2-இல் எந்த இடத்தில் 1 இருக்கிறதோ அந்த இடத்தை மட்டும் அது 1 ஆக்கும், மிச்சத்தைத் தொடாது. எத்தனை முறை ஓட்டினாலும் 135, இடி இடியாகவே இருக்கும். திரும்ப 0 ஆக்க, 2-ஐத் தலைகீழாக்கி (11111101, அதாவது 253) ‘ஆண்ட்’ போடவேண்டும். இருப்பதை மாற்றிப் போட ‘எக்ஸ்-ஆர்’: ஒருமுறை ஓட்டினால் இடி, மறுமுறை அடி, அதற்கு மேல் மறுபடி இடி. இந்த 2-க்கும் 253-க்கும் மாஸ்க் என்று பெயர். சுவரில் பெயிண்ட் அடிப்பவர் வைக்கும் ஸ்டென்சில் தகடு மாதிரி: ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் சாயம் இறங்கும்.

இதெல்லாம் எதற்கு, ஒரு பிட்டை மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். உங்கள் பென்டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபேட் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட்டில் ஒரு குறிப்புச் சீட்டு உண்டு. பெயர் 11 பைட். அதை அடுத்த ஒரே பைட்டில் கோப்பின் குணமெல்லாம் அடக்கம். 1 என்றால் படிக்க மட்டும், 2 என்றால் மறைந்திருப்பது, 4 என்றால் இயங்குதளத்துக்குச் சொந்தம், 16 என்றால் ஃபோல்டர். ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டரில் பென்டிரைவைச் செருகி எடுத்தால் ஃபோல்டர்கள் எல்லாம் மாயமாகி, அதே பெயரில் ஷார்ட்கட்கள் மட்டும் இருக்கும். புகைப்படங்கள் போய்விட்டன என்று பலர் கலங்கிப் போவார்கள். எதுவும் போயிருக்காது. வைரஸ் செய்தது, 16 என்றிருந்த பைட்டை 22 ஆக்கியது. இரண்டே பிட். விவரம் தெரிந்த கடைக்காரப் பையன் கறுப்புத் திரையைத் திறந்து ‘அட்ரிப்’ என்று ஒரு வரி தட்டி அதைத் திரும்ப 16 ஆக்கிக் கொடுப்பான்.

அதே சீட்டில் நேரத்தைக் குறித்திருக்கும் விதம் எனக்கு இன்னும் பிடிக்கும். மணி, நிமிடம், நொடி மூன்றுக்கும் சேர்த்து இடம் இரண்டு பைட், 16 பிட். மணிக்கு 5 பிட் (31 வரை போகும், 23 போதும்). நிமிடத்துக்கு 6 பிட் (63 வரை). மிச்சம் ஐந்து. நொடிக்கோ ஆறு வேண்டும். வடிவமைத்தவர்கள் நொடியைப் பாதியாக்கி எழுதிவிட்டார்கள்! அதனால் ஃபேட் பென்டிரைவில் ஒரு கோப்பைத் திருத்திய நேரம் ஒருபோதும் ஒற்றைப்படை நொடியில் இருக்காது. காலை 10 மணி 30 நிமிடம் 24 நொடி என்றால், 10-ஐ 11 இடம் இடப்புறம் தள்ளி (20480), 30-ஐ 5 இடம் தள்ளி (960), 24-இன் பாதி 12-ஐச் சேர்த்தால் 21452. படிக்கும்போது எதிர்த்திசை: 11 இடம் வலப்புறம் தள்ளினால் 10 வந்து நிற்கும். தேதியும் இப்படித்தான். ஆண்டுக்கு 7 பிட், 1980-இலிருந்து எண்ணிக்கை. 2107-ஆம் ஆண்டோடு அந்த நாள்காட்டி தீர்ந்துவிடும்.

இதுவரை பார்த்தவற்றில் எந்தப் பிட் எங்கே என்பது முன்பே தெரியும். பிட்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பைட்டின் எல்லையை மதிக்காமல் ஓடினால்தான் உண்மையான வேடிக்கை. 1951-இல் எம்ஐடியில் ராபர்ட் ஃபேனோ தம் மாணவர்களுக்கு ஒரு சலுகை கொடுத்தார்: ஆய்வுக் கட்டுரை எழுதினால் இறுதித் தேர்வு வேண்டாம். டேவிட் ஹஃப்மன் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார், திணறினார், கைவிடப்போகிற நேரத்தில் விடையைப் பிடித்தார். அடிக்கடி வருவதற்குக் குட்டைக் குறி, அரிதாக வருவதற்கு நீளக் குறி. எந்தக் குறியும் இன்னொன்றின் தொடக்கமாக இருக்காது. ஜிப்பும் ஜேபெக்கும் எம்பி3-யும் இன்றும் அந்த வழியைப் பயன்படுத்துகின்றன.

‘தாத்தா’ என்ற சொல்லை எடுங்கள். யூனிகோடில் த, கால், த, புள்ளி, த, கால் என்று ஆறு குறிகள். 18 பைட், 144 பிட். த மூன்று முறை வருகிறது, அதற்கு 0. கால் இரண்டு முறை, 10. புள்ளி ஒரே முறை, 11. அடுக்கினால் 0 10 0 11 0 10. நடுவில் இடைவெளி தேவையில்லை: 010011010. 144 பிட் ஒன்பதாகிவிட்டது. (எந்தக் குறி எதற்கு என்ற பட்டியலையும் கூடவே அனுப்பவேண்டும் என்பதால் ஒரே சொல்லுக்கு இது நஷ்டக் கணக்குதான். புத்தகம் முழுவதற்கும் என்றால் லாபம்.)

இந்த ஒன்பதையும் கோப்பில் எப்படி எழுதுவது? நிரலுக்குள் ஒரு பைட்டைக் காலிப் பெட்டியாக வைத்துக்கொள்வோம். பிட் வர வர உள்ளே தள்ளுவோம், எட்டு சேர்ந்ததும் கோப்பில் கொட்டுவோம், பெட்டியைக் காலியாக்குவோம். முதல் எட்டு, 01001101, போய்விட்டது. கையில் ஒரே ஒரு 0 மிச்சம். எட்டுச் சேராமல் பஸ் கிளம்பாது. ஏழு வெற்று இடத்தையும் 0-வால் நிரப்பி அனுப்பினோம். அந்தப் பக்கம் படிப்பவருக்கு எது பிட், எது நிரப்பல் என்று எப்படித் தெரியும்? அவருக்கு 0 என்றால் த. படித்துக்கொண்டே போகிறார்: தாத்தாததததததத. ஏழு த கூடுதல்.

இதை இதற்கு முன் கேள்விப்படாமல் தானாக முதல்முறை சரியாகச் செய்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. தீர்வுகள் பல. மொத்தம் எத்தனை எழுத்து என்று கோப்பின் தலையிலேயே எழுதிவிடலாம். ஜிப் கோப்பில் ‘இத்தோடு முடிந்தது’ என்பதற்கென்றே தனிக் குறி வைத்திருக்கிறார்கள். ஜேபெக் நிரப்பலுக்கு 0 போடாமல் 1 போடுகிறது. அதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு: 255 என்ற பைட் ஜேபெக்கில் ‘கவனி, அடுத்து ஒரு கட்டளை’ என்பதற்கான மணி. படத்தின் பிட்கள் தற்செயலாக எட்டு 1-ஆகச் சேர்ந்துவிட்டால் பொய் மணி அடித்துவிடும். அதனால் அப்படி வரும்போதெல்லாம் பின்னால் ஒரு 0 பைட்டைச் செருகி ‘இது சும்மா’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

எட்டு சேர்ந்ததும் கொட்டினோம் என்றேனே, எந்தப் பக்கத்திலிருந்து அடுக்கினோம்? முதலில் வந்த பிட்டை இடது ஓரத்தில் வைத்தால் 01001101, அதாவது 77. வலது ஓரத்தில் வைத்துத் தொடங்கினால் 10110010, அதாவது 178. இரண்டுக்கும் சமமான நியாயம் உண்டு, இரண்டும் புழக்கத்திலும் இருக்கின்றன. ஜேபெக் இடமிருந்து, 1987-இல் வந்த ஜிஃப் வலமிருந்து. ஜிப்பின் உள்ளே இருக்கும் டிஃப்ளேட் பொதுவாக வலமிருந்து அடுக்கும், ஹஃப்மன் குறிகளை மட்டும் தலைகீழாக நுழைக்கும்; அதை முதலில் படிக்கும் நிரலர்கள் எல்லாரும் ஒருநாளாவது தலையில் கைவைத்திருப்பார்கள். நம் 77-ஐத் தப்பான பக்கத்திலிருந்து படித்தால் கால், புள்ளி, த, த, கால் என்று வரும். ‘தாத்தா’ போய், ஒட்ட எழுத்தில்லாமல் ஒரு காலும் புள்ளியும் முன்னால் தொங்கும்.

ஆகவே ‘கோப்பின் 22-ஆவது பிட்’ என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். எட்டால் வகுத்தால் ஈவு பைட்டைச் சொல்லும், மீதி பிட்டைச் சொல்லும், அதுவரை சரி. அந்த மீதியை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று வகுத்தல் சொல்லாது. அடியை இடியாக்கிய பிட், 0-விலிருந்து தொடங்கி இடமிருந்து எண்ணுபவருக்கு 22. பைட்டுக்குள் வலமிருந்து எண்ணுபவருக்கு 17. கோப்புக்குள் பைட் நிஜம். பிட்டின் இடமும் வரிசையும் முடிவும், எழுதியவரும் படிப்பவரும் செய்துகொண்ட பேச்சு. அந்தப் பேச்சை எங்காவது எழுதி வைக்காவிட்டால் ஆறு மாதம் கழித்து நீங்களே உங்கள் கோப்பைப் படிக்க முடியாது.

கடைசியாக ஒன்று. மூன்றாவது பைட்டை எடுத்துத் திருத்தி வைத்தோம் என்றேன். இயங்குதளமும் வட்டும் பைட்டைக்கூடத் தனியாகத் தொடுவதில்லை. வட்டின் ஒரு துண்டு நெடுங்காலம் 512 பைட். இப்போது பெரும்பாலும் 4096. எஸ்எஸ்டி என்றால் இன்னும் கெடுபிடி. ஃபிளாஷ் சிப்பை அழித்தால் எல்லாப் பிட்டும் 1 ஆகும். எழுதுவது என்பது 1-ஐ 0 ஆக்குவது மட்டுமே. நாம் செய்ய நினைத்ததோ 0-வை 1 ஆக்குவது. இருந்த இடத்தில் அது நடக்காது. எஸ்எஸ்டி வேறொரு காலிப் பக்கத்தைத் தேடி, திருத்திய பக்கம் முழுவதையும் அங்கே எழுதிவிட்டு, ‘இனி இதுதான் அது’ என்று தன் பதிவேட்டில் முகவரியை மாற்றிக்கொள்கிறது. 4096 பைட் பக்கம் என்றால் 32,768 பிட்கள், ஒரே ஒரு பிட்டுக்காக. கோப்பைத் திறந்தால் ‘இடி’ என்றிருக்கும். பழைய ‘அடி’, அந்தப் பகுதியைத் துடைக்கும் முறை வரும்வரை, சிப்பின் ஏதோ ஒரு மூலையில் அப்படியே கிடக்கும்.